மூக்கி பெட்ஸை பாஸ்டன் விட்டது எப்படி?

2025 பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், டொராண்டோவில். பதினோராவது இன்னிங்ஸின் பின்பாதி. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஒரு ரன் முன்னிலையில் இருக்கிறது. டொராண்டோவுக்கு முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆட்கள் நிற்கிறார்கள். அலெஹாண்ட்ரோ கிர்க் அடிக்கிறார். மட்டை உடைகிறது, பந்து தரையோடு, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் போகிறது. அங்கே நின்ற மூக்கி பெட்ஸ் பந்தை எடுத்து, தானே ஓடிப்போய் இரண்டாவது பேஸை மிதித்து, முதல் பேஸுக்கு எறிகிறார். ஒரே பந்தில் இரண்டு அவுட். கோப்பை டாட்ஜர்ஸுக்கு. அந்த அணியின் சட்டையில் பெட்ஸ் வென்ற மூன்றாவது உலகத் தொடர் அது.

இந்த பெட்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸ் வளர்த்த பிள்ளை. புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2011 டிராஃப்டில், பள்ளி முடித்த கையோடு, ஐந்தாவது சுற்றில் அவரை எடுத்தார்கள். 2014இல் பெரிய லீகுக்கு வந்தார். 2018இல் அமெரிக்கன் லீகின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார்: பேட்டிங் சராசரி .346, ஹோம் ரன் 32, திருடிய பேஸ் 30. அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரையும் கைப்பற்றியது. அன்று தோற்றது இதே டாட்ஜர்ஸ்தான். 2020 பிப்ரவரியில் அதே டாட்ஜர்ஸுக்கு பெட்ஸை டிரேடில் அனுப்பினார்கள். கூடவே பிட்சர் டேவிட் பிரைஸையும் அனுப்பி, அவருக்கு மீதியிருந்த 9.6 கோடி டாலரில் பாதியைத் தாங்களே கட்ட ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங்.

அன்று ஆரம்பித்த சண்டை பாஸ்டன் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. நிர்வாகத்தின் பக்கம் நின்றவர்கள் சொன்னதை முதலில் நியாயமாகக் கேட்டுவிடுவோம். பெட்ஸின் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு சீசன்தான் பாக்கி. பத்து ஆண்டுக்கு 30 கோடி டாலர் தருவதாக அணி சொன்னதாகவும், அவர் பன்னிரண்டு ஆண்டுக்கு 42 கோடி கேட்டதாகவும் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. சீசன் முடிந்ததும் அவர் எந்த அணியிலும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாகப் போய்விட்டால் அணிக்கு மிஞ்சுவது ஒரு டிராஃப்ட் வாய்ப்புதான். அதைவிட இப்போதே மூன்று இளைஞர்களை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்றார்கள். ரெட் சாக்ஸின் கீழ்நிலை அணிகளில் திறமை வற்றிக் கிடந்ததும் உண்மை.

இதோடு வரி. ஐ.பி.எல். ஏலத்தில் ஓர் அணி செலவழிக்க உச்சவரம்பு உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி எதுவும் கிடையாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். ரசிகர்கள் இதை ஆடம்பர வரி என்பார்கள். அன்றைய விதிப்படி முதல் முறை தாண்டினால் 20 சதவீதம், அடுத்த ஆண்டும் தாண்டினால் 30, மூன்றாவது ஆண்டு 50. ஒரே ஓர் ஆண்டு கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் கணக்கு மறுபடி 20இல் தொடங்கும். 2018, 2019 இரண்டிலும் ரெட் சாக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தது. 2020இன் கோடு 20.8 கோடி டாலர். கீழே இறங்குவதுதான் நோக்கம் என்று உரிமையாளர் ஜான் ஹென்றி 2019 சீசன் முடிவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெட்ஸின் அந்த ஆண்டுச் சம்பளம் 2.7 கோடி. அவரும் பிரைஸும் போனால் இறங்கிவிடலாம். இறங்கினார்கள்.

"இவ்வளவு கேட்கலாமா, பேராசை இல்லையா?" என்று பெட்ஸைத் திட்டியவர்களும் உண்டு. அவர்கள் அவருடைய சம்பள வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டக்காரர் பெரிய லீகுக்கு வந்த முதல் ஆறு ஆண்டு சேவைக் காலம் முழுக்க அவரை எடுத்த அணியின் பிடியில்தான் இருக்கிறார். பொதுவாக முதல் மூன்று ஆண்டுகள் அணி கொடுப்பதுதான் சம்பளம். 2016இல் பெட்ஸ் எம்.வி.பி. வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு அவர் வாங்கியது 5.66 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு 9.5 லட்சம். அதே அணியில் பிரைஸ் ஆண்டுக்கு 3 கோடி வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று ஆண்டு கழிந்தால் ஆர்பிட்ரேஷன் வருகிறது. அந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அணி ஒரு தொகையை எழுதிக் கொடுக்கும், ஆட்டக்காரர் ஒரு தொகையை எழுதிக் கொடுப்பார். மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு தொகைக்கு இடமே இல்லை. ஆட்டக்காரரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, அவர் அவ்வளவு பெறமாட்டார் என்று சொந்த அணியே வாதாடும். 2018 தொடக்கத்தில் ரெட் சாக்ஸ் எழுதியது 75 லட்சம், பெட்ஸ் எழுதியது 1.05 கோடி. பெட்ஸ் ஜெயித்தார். அந்த ஆண்டுதான் எம்.வி.பி.யும் உலகத் தொடரும் வந்தன. தன் மதிப்பு என்ன என்று அணிக்கு முன்பே தெரிந்துகொண்ட மனிதர் அவர். அப்படிப்பட்டவர், சந்தைக்குப் போகும் உரிமை ஓராண்டு தூரத்தில் இருக்கும்போது, அதைச் சலுகை விலைக்கு விற்க மறுத்ததில் என்ன தவறு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீண்ட ஒப்பந்தங்களைப் பற்றிய பயம் வேறு விஷயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2011இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்ற கையோடு அதன் நட்சத்திர ஆட்டக்காரர் ஆல்பர்ட் பூஹோல்ஸ் அந்த அணியை விட்டு ஏஞ்சல்ஸுக்குப் போனார், பத்து ஆண்டுக்கு 24 கோடி டாலருக்கு. அந்த நகரமே கொதித்தது. அந்தப் பத்து ஆண்டில் ஏஞ்சல்ஸ் பிளே-ஆஃபுக்குப் போனது ஒரே ஒரு முறை. அதிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியும் முன்பே, பூஹோல்ஸை வெளியேற்றினார்கள். கொதித்த கார்டினல்ஸ் ரசிகர்கள், விட்டது நல்லதாயிற்று என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள்.

இந்த உதாரணத்தைத்தான் பெட்ஸுக்கு எதிராகவும் காட்டினார்கள். ஆனால் வயதைப் பாருங்கள். ஏஞ்சல்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடும்போது பூஹோல்ஸுக்கு 32. பெட்ஸின் புதிய ஒப்பந்தம் தொடங்கும்போது அவருக்கு 28. உச்சத்தில் இருக்கும் நான்கு ஆண்டு வித்தியாசம் பேஸ்பாலில் ஒரு தலைமுறை மாதிரி. பூஹோல்ஸ் முதல் பேஸில் நின்று பந்தைப் பறக்கவிடுபவர். மட்டையின் வேகம் குறைந்தால் வேறு பலம் இல்லை. பெட்ஸ் ஓடுவார், பிடிப்பார், இரண்டாவது பேஸிலும் ஆடுவார். கடைசியில் ஷார்ட்ஸ்டாப்பாகவே மாறி உலகத் தொடரை முடித்துவைத்தார். எல்லா நீண்ட ஒப்பந்தத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

டாட்ஜர்ஸ் இதைச் சரியாகக் கணித்தது. 2020 ஜூலையில், அவர்களுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடும் முன்பே, பெட்ஸுக்கு பன்னிரண்டு ஆண்டுக்கு 36.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் 11.5 கோடி பிற்பாடு தரவேண்டிய பணம். பாஸ்டன் கட்டுப்படியாகாது என்று நினைத்த ஆட்டக்காரர், அவர் கேட்டதாகச் சொல்லப்பட்ட 42 கோடிக்கு வெகு கீழே கையெழுத்துப் போட்டார். அந்த அக்டோபரிலேயே டாட்ஜர்ஸ் சாம்பியன்.

பாஸ்டன் 2020இல் தன் பிரிவில் கடைசி. 2021இல் லீக் இறுதிப் போட்டி வரை போனது. டிரேடைச் செய்த அணி நிர்வாகி ஹைம் ப்ளூமின் ஆதரவாளர்கள் அதைப் பெரிதாகப் பேசினார்கள், பேச உரிமையும் இருந்தது. ஆனால் 2022இலும் 2023இலும் மறுபடி கடைசி. ஜீட்டர் டவுன்ஸ் ரெட் சாக்ஸுக்காக ஆடியது 14 ஆட்டங்கள். பிறகு அவரை விட்டுவிட்டார்கள். வெர்டூகோ 2023 டிசம்பரில் பரம எதிரி யாங்கீஸுக்குப் போனார். நிலைத்து நின்றவர் கேட்சர் வாங் மட்டும். ப்ளூமை 2023 செப்டம்பரில் நீக்கினார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது ஒரு விவரம்: எந்தக் கோட்டுக்குக் கீழே வர பெட்ஸைக் கொடுத்தார்களோ, 2022இல் ரெட் சாக்ஸ் அந்தக் கோட்டைத் தாண்டி வரியும் கட்டி, கடைசி இடத்திலும் முடித்தது.

மிச்சம் பிடித்த பணம் யாருக்குப் போயிற்று என்ற கேள்வியை ரசிகர்கள் கேட்கத்தான் வேண்டும். ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கின் டிக்கெட் விலை அந்த லீகிலேயே அதிகமானவற்றில் ஒன்று. பெட்ஸ் போனதால் அது குறையவில்லை. ஆட்டக்காரர் சம்பளத்தை நம் வீட்டுச் செலவு போல நினைத்து உரிமையாளருக்காகக் கவலைப்படும் ரசிகர், தனக்கு வராத லாபத்துக்காக வாதாடுகிறார். ஹென்றியின் குழு இங்கிலாந்தில் லிவர்பூல் கால்பந்து அணியையும் வைத்திருக்கிறது; மூன்றாவது ஆண்டு வரியால் தெருவுக்கு வந்துவிடும் நிலையில் அது இல்லை. ஹென்றிக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். 1919இன் கடைசியில் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றபின் பட்டமே காணாதிருந்த அணிக்கு 2004 முதல் நான்கு பட்டங்கள் அவர் காலத்தில்தான் வந்தன. அதனால்தான் கோபம் இவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஜெயிக்கத் தெரிந்தவர்களே இதைச் செய்தார்கள்.

கோபத்துக்குப் பலன் இல்லாமலும் போகவில்லை. 2022 டிசம்பரில் ஷார்ட்ஸ்டாப் ஸான்டர் போகார்ட்ஸும் சான் டியேகோவுக்குப் போனார். 2023 ஜனவரி 2ஆம் தேதி ஃபென்வேயில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்க வந்த ஹென்றியைக் கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. அதே வாரம் அணியில் மிஞ்சியிருந்த நட்சத்திரம் ரஃபேல் டெவர்ஸுக்கு பத்து ஆண்டு, 31.35 கோடி டாலர் ஒப்பந்தம். ரசிகர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனால் 2025 ஜூனில், எந்த இடத்தில் ஆடுவது என்ற தகராறு முற்றியபின், யாங்கீஸுடனான தொடரின் மூன்று ஆட்டங்களையும் வென்று முடித்த அதே நாளில், டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெட்ஸின் ஒப்பந்தம் 2032 வரை ஓடும். 2025 லீக் ஆட்டங்களில் அவருடைய சராசரி .258, அதுவரை அவர் கண்டதிலேயே குறைவு. கடைசி மூன்று நான்கு ஆண்டுகள் டாட்ஜர்ஸுக்கு நஷ்டக் கணக்காகவே முடியலாம். அப்போது "பாஸ்டன் தப்பித்தது" என்று எழுதுவோர் வருவார்கள். அவர்களை நம்பாதீர்கள். 27 வயதில், உச்சத்தில் இருந்த, தானே வளர்த்த ஆட்டக்காரரை, பணமிருந்தும் ஒரு வருட வரிக்காக ரெட் சாக்ஸ் கொடுத்தது. கொடுத்திருக்கக் கூடாது.