தெளிந்த நீரும் தங்கிய சேறும்

கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து அடுத்த பருவமான கன்னிப்பூவுக்கு வயல் தயாராகும் இடைவெளியில், வற்றிய குளத்தின் சேற்றை அள்ளி வயலில் போடுவது குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குப் பழகிய வழக்கம். விவசாயிகள் குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள 2017-இல் தமிழக அரசே அனுமதி தந்தது. ஆனால் குடிநீரைத் தெளிய வைக்கும்போது அடியில் தங்கும் சேற்றை மட்டும் கழிவு என்று ஒதுக்குகிறோம். அதுவும் மலைச்சரிவிலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த மண்தானே! அதை வயலுக்குத் திருப்பலாமா என்பது, எதைப் போட்டு நீரைத் தெளிய வைத்தோம் என்பதைப் பொறுத்தது.

நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் பொதுவாகப் படிகாரமே பயன்படுகிறது. வேலையைக் கச்சிதமாகச் செய்யும்; ஆனால் அதிலுள்ள அலுமினியம் சேற்றோடு தங்கிவிடும். அந்தச் சேறு வயலுக்குப் போனால் பயிருக்குக் கிடைக்க வேண்டிய மணிச்சத்தை அலுமினியம் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால், அலுமினியம் கரைந்து வேர் நுனிகளையே கருக்கும். ரப்பர் விளையும் குமரி மாவட்டத்துச் சரளை மண்ணில் பல இடங்கள் இயல்பாகவே அமிலத்தன்மை உடையவை. வேறு ஊர்களில் பெரிதாகத் தெரியாத கேடு இங்கே தெரியக்கூடும்.

தாவர விதைகளில் இந்தச் சிக்கல் இல்லை. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிக் கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் கலித்தொகைக் காலத்திலேயே இருந்தது. முருங்கை விதைக்கும் அதே குணம் உண்டு. நன்றாகக் காய்ந்த நெற்றிலிருந்து விதையை எடுத்து, தோல் நீக்கி, வெள்ளைப் பருப்பை இடித்து, கொஞ்சம் நீரில் கலக்கித் துணியில் வடித்து ஊற்ற வேண்டும். முதலில் வேகமாகவும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கிண்டிவிட்டு, ஓரிரு மணி நேரம் அசையாமல் விட்டால் போதும். பருப்பின் புரதத்தில் நேர்மின்னூட்டம் உண்டு. எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் துகள்கள் அதில் ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். தங்கும் சேற்றில் இருப்பது நுண்களிமண், மக்கும் பொருள், புரதம் வழியே வந்த சிறிது தழைச்சத்து. துணியில் மிஞ்சிய சக்கையும் மண்ணுக்கு உணவுதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. விதை, கிருமிகளில் பெரும்பகுதியை மண்ணோடு சேர்த்து அமுக்கிவிடுகிறது. அதாவது நீரை விட்டுப் போன கிருமி சேற்றில் இருக்கிறது. மிஞ்சியது நீரிலேயே இருக்கும்; எனவே தெளிந்த நீரையும் கொதிக்க வைத்தோ குளோரின் கலந்தோதான் குடிக்க வேண்டும். விதையின் கரிமப்பொருள் நீரில் தங்குவதால் நாள்கணக்கில் சேமிக்கவும் கூடாது. சேற்றை வெயிலில் உலர்த்தி, சாணத்தோடும் சருகோடும் மக்க வைத்த பிறகு தென்னை மூட்டிலோ வாழை மூட்டிலோ போடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம். ஆலைக்கழிவு கலந்த நீரின் சேறு என்றால், ஈயமும் காட்மியமும் அதில் சேர்ந்திருக்கலாம். அதை எந்த வயலிலும் போடக்கூடாது.

இவற்றைவிடப் பெரிய மறுப்பு அளவு பற்றியது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் பருப்பு என்று வைத்தாலும் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டரைத் தெளிய வைக்க 100 கிலோ தேவை. ஒரு பருப்பு சுமார் 0.2 கிராம், ஆகவே நாளொன்றுக்கு ஐந்து லட்சம் விதை! 1990-களின் தொடக்கத்தில் மலாவி நாட்டின் தியோலோ நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முருங்கை விதையை முழு அளவில் பயன்படுத்திப் பார்த்ததில் நீர் நன்றாகவே தெளிந்தது. ஆனாலும் முக்கடல் அணையிலிருந்து குடிநீர் பெறும் நாகர்கோவில் போன்ற மாநகரத்துக்கு அன்றாடம் இத்தனை விதை திரட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்த மலையோரக் குடியிருப்புக்கோ விடுதிக்கோ 100 கிராம் பருப்பு போதும். நாலைந்து முருங்கை மரம் நின்றால் கலங்கல் நாட்களைச் சமாளித்துவிடலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் அத்தகைய நாட்களுக்குக் குறைவில்லை.

அந்தத் தொட்டியில் ஒரு நாளைக்குத் தங்கும் சேறு, உலர்ந்தால் சில நூறு கிராம்தான். அது உரத்துக்கு மாற்றாகாது. யாரும் அப்படி விற்கவும் கூடாது. ஆனால் மண்ணை மண்ணிலேயே சேர்க்கலாம், சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை. நீரைத் தெளிய வைக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, அடியில் தங்குவது எங்கே போகும் என்பதையும் முடிவு செய்துவிடுவதே சரியான கணக்கு.