கேட்டதை எழுதிய 'கர்நாடகம்'



இலக்கிய விமர்சகர் சொல்வது சரிதானா என்று அறிய நூலைப் புரட்டிப் பார்க்கலாம். இசை விமர்சகரின் நிலை வேறு. அவர் பேனாவைத் திறக்கும்போது பாட்டு முடிந்துவிட்டது. மறைந்துபோன ஒலியை அவர் சொற்களால் மீட்டுத் தரவேண்டும். அந்த வேலையைத் தமிழில் சுவையான உரைநடையாக்கியவர்களுள் முதன்மையானவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954).

கல்கியை நாவலாசிரியராக மட்டும் அறிந்தோர் பலர். 1930களில் 'ஆனந்த விகட'னில் 'ஆடல் பாடல்' என்ற பகுதியைக் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதியவரும் அவரே. அந்தப் பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. அது சங்கீதத்தின் பெயர். பேச்சு வழக்கிலோ பழைய காலத்து ஆளைச் சுட்டும் கேலிச் சொல். பிறரைக் கேலிசெய்யப் புறப்பட்டவர் முதலில் தம்மையே கேலிசெய்துகொண்டார்.

அவர் வித்துவானாக நின்று தீர்ப்புக் கூறவில்லை; சபையில் அமர்ந்திருந்த ரசிகனாகவே எழுதினார். பாடியவரின் குரல், அவர் செய்த அங்கசேட்டை, சபையோரின் சலிப்பு எல்லாம் அவர் எழுத்தில் இடம்பெற்றன. ராக இலக்கணம் அறியாதவரும் அதைப் படித்துச் சிரிக்கலாம்; சிரித்தபின் அடுத்த கச்சேரியைக் கொஞ்சம் கூர்ந்து கேட்கலாம்.

அந்தக் கேள்வி ஞானம் சிரிப்போடு நின்றுவிடவில்லை. கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மேலோங்கி, தமிழ்ப் பாட்டு இறுதியில் வரும் துக்கடாவாக ஒதுங்கியிருந்த காலம் அது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தமிழிசை இயக்கம் வலுப்பெற்றபோது, கல்கி அதன் பக்கம் நின்று வாதாடினார். இசைக்கு மொழி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, பொருள் விளங்கும்போது கேட்பவன் உள்ளம் எப்படி உருகுகிறது என்று சபையின் பக்கமிருந்தே பதில் சொன்னார்.

பயணத்திலும் அவர் இதே ரசனையோடுதான் சென்றார். மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு ஒரு நிலவு இரவில் அமர்ந்திருந்தபோது 'சிவகாமியின் சபத'த்தின் கரு தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கதையின் நாயகி ஒரு நடனக் கலைஞர். ஆடலையும் பாடலையும் விமர்சித்தவருக்கு அப்படியொரு நாயகி வாய்த்தது தற்செயல் அன்று.

இனி நம் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கு நல்ல காதுகளுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. கோயில் வீதி மணலில் விடிய விடிய இருந்து மேளச் சமா கேட்டவர்கள் நம் முன்னோர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டையும் வியக்கவைத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். மிஞ்சிய சில ஒலிப்பதிவுகளையும் பெரியவர்கள் சொல்லும் நினைவுகளையும் வைத்தே நான் அவரை அறிகிறேன். "அந்தக் கையை நீ கேட்டிருக்கவேணும் தம்பி" என்பார் இணுவிலில் எனக்குத் தெரிந்த ஒரு முதியவர். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். அவருக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை.

நம்மவரின் தீர்ப்புகளில் பெரும்பகுதி இப்படித் திண்ணைப் பேச்சாகவே போய்விட்டது. அம்ஷன் குமார் தெட்சணாமூர்த்தி பற்றிய ஆவணப்படத்தை எடுத்தது 2015இல். கலைஞர் மறைந்து நாற்பது ஆண்டுகளின் பின்னர். அதற்குள் அவரைக் கேட்டவர்களில் எத்தனை பேர் போய்விட்டார்கள்!

உயர்தர வகுப்பில், கேட்ட கச்சேரி ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால், "மிக இனிமையாக இருந்தது" என்று எழுதிப் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். எந்த இடம் இனித்தது, ஏன் இனித்தது, எங்கே சலித்தது என்று கேட்டால் திகைக்கிறார்கள். விமர்சனம் இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே நேயர்களே, அடுத்த திருவிழாவில் நீங்கள் கேட்பதை எழுதிவையுங்கள். நாள், கோயில், கலைஞர் பெயர், வாசித்த ராகம், உங்கள் மனம் அசைந்த ஓர் இடம், இவை போதும். வீட்டில் பழைய சமாக்களைக் கேட்ட முதியவர் இருந்தால், முதலில் அவரிடம் கேட்டு எழுதுங்கள். நம் திருவிழாக்கள் காத்திருக்கும். அவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.