பிள்ளையார்பாளையத்தில் ஒரு ராத்திரி: வேனில் வருகிறவர்களுக்கு

காஞ்சிபுரத்துக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் பலரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. காலையில் நிதானமாகக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பதினொன்றரைக்கு ஊருக்குள் நுழைவார்கள். காமாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் மற்ற கோயில்களில் நடை சாத்தியாயிற்று. இனி மாலை நாலு மணிக்குத்தான். நடுவே கிடக்கிற மூன்றரை மணி நேரத்துக்கு வெயிலும், நாலு முதியவர்களும், அழுகிற குழந்தையும் மிச்சம். அப்போது டிரைவர் மெதுவாக ஆரம்பிப்பார்: "தெரிஞ்ச பட்டுக் கடை ஒண்ணு இருக்கு சார், ஏசி. சும்மா பாத்துட்டு வரலாம்." அந்தச் 'சும்மா'தான் பயணத்திலேயே பெரிய செலவு. கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் தருகிற கடைகள் உண்டு. அந்தக் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும்.

இதற்கு மாற்று, வருகிற நேரத்தைத் தலைகீழாக மாற்றுவது. மாலை நாலு மணிக்கு ஊருக்குள் வாருங்கள். ராத்திரி தங்குங்கள். மறுநாள் பதினொன்றுக்குக் கிளம்பிவிடுங்கள். நடை திறந்திருக்கும் இரண்டு வேளையும் உங்களுக்குக் கிடைக்கும். உச்சி வெயிலை நெடுஞ்சாலையில் கழித்துவிடலாம்.

தங்கினால் செலவு கூடுமே என்பீர்கள். கூடத்தான் செய்யும். எவ்வளவு என்று பார்ப்போம். பதினாறு பேர், அறைக்கு நாலு பேர், வாடகை 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு அறைக்கு 6,000. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்பு 12. ஆக 6,300, தலைக்கு நானூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குச் சுங்கத்திலும் ஒரு சின்ன ஆதாயம் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அதே சுங்கச்சாவடி வழியாகத் திரும்பினால், போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான். மத்தியானம் இரண்டரைக்கு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால், மறுநாள் இரண்டரைக்குள் திரும்பத் தாண்டிவிட வேண்டும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே டிரைவரிடம் கேளுங்கள். பாஸ்டேக் இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம்.

வண்டி பிடிக்கும்போது ஒரு வார்த்தை: மஞ்சள் போர்டு வண்டியாகவே பிடியுங்கள். சொந்தக்காரர் வண்டி, வெள்ளை போர்டு, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று சொல்வார்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம்.

சரி, எங்கே தங்குவது? நாம் பார்க்கப் போகிற இடம் ஊரின் மேற்கு ஓரத்துப் பிள்ளையார்பாளையம்தான், ஆனால் அதற்குள் லாட்ஜ் தேடாதீர்கள். அது வீடும் தறியுமாக இருக்கிற பகுதி. லாட்ஜுகள் பேருந்து நிலையம், காந்தி ரோடு, காமாட்சியம்மன் சந்நிதித் தெரு பக்கம் இருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. அறை கேட்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வேன் உள்ளே நிக்குமா?" சொந்தக் காம்பவுண்டு உள்ள லாட்ஜுக்கு இருநூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. அடுத்த கேள்வி, டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்பது. பேட்டா கொடுத்துவிட்டோம், வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று நாம் ஏசி போட்டுத் தூங்குகிறோம். காஞ்சிபுரத்துக் கொசுவோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவர்தான் மறுநாள் நம்மையெல்லாம் வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறார்.

இருபது பேருக்கு மேல் என்றால் லாட்ஜை மறந்துவிட்டுக் கல்யாண மண்டபம் கேளுங்கள். அமெரிக்காவின் நடுமேற்கில், சோளமும் சோயாவும் விளைகிற சிற்றூர்களில், படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஊர்ப் பூங்காவில் இடம் விட்டு, கரண்டும் தண்ணீரும் கொடுத்து, சொற்ப வாடகை வாங்கிக்கொள்வது உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளுக்காகவே கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலா என்று திட்டமே போட்டது. நமக்குக் கேரவன் என்றால் சினிமா நடிகர் ஓய்வெடுக்கிற வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த அமெரிக்கப் பூங்கா செய்கிற வேலையை இங்கே மண்டபம் செய்கிறது: வேன் நிறுத்த வாசல், வரிசையாகக் கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், பாய் விரிக்க ஹால், சமைக்க இடம். இது புதுப் பழக்கமும் இல்லை. நெடுஞ்சாலையில் வரும்போது சின்னையன்சத்திரம் என்று பலகை பார்ப்பீர்கள். வழிப்போக்கர் தங்கிப் போன ஏற்பாடுகளைப் பேரிலேயே வைத்திருக்கிற ஊர் அது.

மண்டபம் மலிவாகக் கிடைப்பது முகூர்த்தம் இல்லாத நாளில்தான். ஆவணியிலும் தையிலும் வாய் திறக்கவே முடியாது. கல்யாணக் கூட்டம் மண்டபத்தை எடுத்துக்கொள்ளும், கல்யாணப் பட்டு எடுக்க வருகிற கூட்டம் லாட்ஜை எடுத்துக்கொள்ளும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் போகிற வேன்கள் காஞ்சிபுரத்தையும் தொட்டுப் போகும். வைகாசியில் வரதராஜர் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் காமாட்சியிடம் கூட்டம். 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது ஊர் தாங்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் பெருமூச்சோடுதான் அதைச் சொல்வார்கள். அடுத்த தரிசனம் 2059இல் என்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. என் கணக்கில், ஆனியிலோ புரட்டாசியிலோ ஒரு செவ்வாய், புதன் தோதான நாள்.

சமையல் விஷயத்தில் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சிலிண்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், யாத்திரிகர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்கள். டீ போடத்தான் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். மண்டபத்து அடுப்பை வாடகைக்குக் கேளுங்கள். இல்லையென்றால் ராத்திரிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வாருங்கள், காலையில் மெஸ்ஸில் சாப்பிடுங்கள். காஞ்சிபுரம் இட்லி என்று எழுதிப் போட்ட ஓட்டல்களில் டம்ளரில் வேகவைத்ததும் கிடைக்கும். வரதராஜர் கோயில் பிரசாதமான குடலை இட்லி வேறு. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி வெகுநேரம் வேகவைப்பது. கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கென்றால், ஒரு சாயங்காலமும் ஒரு விடியற்காலையும் பிள்ளையார்பாளையத்தில் கழிப்பதற்கு. ஊரின் மேற்கு ஓரம். அங்கே கைலாசநாதர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் மணற்கல்லில் எழுப்பியது. முன்னால் நிற்கிற சின்னக் கோயில் அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் கட்டியது. சுற்று மதிலின் உட்புறம் 58 சிறு சந்நிதிகள், ஆளுயரத்துக்கு வரிசை பிடித்து நிற்கும். சிலவற்றின் சுவரில் பல்லவர் காலத்து ஓவியம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து தேடினால்தான் தெரியும். நுழைவுக் கட்டணம் கிடையாது. மற்ற கோயில்களின் நெரிசலும் இங்கே கிடையாது. கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான திருச்சுற்று உண்டு, தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும். வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். முட்டி வலி உள்ளவர்கள் அடுத்த பிறவியை ஏற்றுக்கொள்வது உத்தமம்.

பக்கத்திலேயே கச்சி அனேகதங்காவதம், சுந்தரர் பாடியது. பிள்ளையார்பாளையத்துக்குள் திருமேற்றளி, அப்பரும் சுந்தரரும் பாடியது. இரண்டுமே பாடல் பெற்ற தலங்கள். ஆனாலும் வேன் கூட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். ஏகாம்பரநாதருக்கும் நடக்கலாம், நடந்து பழகியவர்களுக்கு அரை மணி நேரம். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே வழி காட்டும்.

வேனை மட்டும் தறித் தெருக்களுக்குள் விடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை, தங்கின இடத்தில் வண்டி நுழையவில்லை என்று அகலமான ஒரு தெருவில் ஓரமாக விட்டிருந்தோம். காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டும் சத்தம். வேட்டியை மடித்துக் கட்டின பெரியவர் ஒருவர்.

"யாரு வண்டிங்க இது?"

"எங்களதுதாங்க ஐயா."

"கொஞ்சம் எடுத்துடுங்க சார். பாவு போடணும்."

டிரைவர் வேறிடத்தில் படுத்திருந்தார், சாவி அவர் பையில். அவரைத் தேடிப் பிடித்து வண்டியை எடுக்க இருபது நிமிடம். அதற்குள் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. கிழக்கே மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

நீளவாக்கில் போகிற இழைதான் பாவு, குறுக்கே போவது ஊடை. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலைக்கு நீளம் இருக்கும், இருபது மீட்டரை நெருங்கும். வீட்டுக்குள் அதை எங்கே விரிப்பது? தெருவில்தான். இரண்டு முனையிலும் கழி கொடுத்து இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக விரலால் தேடி முடிகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் கிழக்கே பார்க்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம், தெரு முழுக்க மாம்பழ நிறத்திலோ அரக்கு நிறத்திலோ ஓர் இழைப்படலம் இடுப்பு உயரத்தில் மிதந்துகொண்டு நிற்கும். சைக்கிள்காரர்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நீங்களும் ஓரமாக நின்று பாருங்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். தொடாதீர்கள், எண்ணெய்க் கை பட்டால் பட்டில் கறை. மழைக்காலத்தில் இந்தக் காட்சி கிடையாது. தறிக்குழியில் ஈரம் கசிந்து வேலையே நின்றுபோகிற நாட்களும் உண்டு.

யாராவது உள்ளே கூப்பிட்டுத் தறியைக் காட்டினால், நெசவாளர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். கோர்வைச் சேலை என்றால், ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா மூன்று ஓடும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பார், பெரும்பாலும் வீட்டு அம்மா. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தும் பிரியாமல் பிணைந்து நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டு பேர் கைதான்.

அங்கே ஒன்று செய்யாதீர்கள்: தறியில் இருக்கிற சேலைக்கு விலை பேசாதீர்கள். பட்டும் ஜரிகையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுத்தது. நெய்கிறவருக்குக் கூலி மட்டும்தான். "உங்களுக்கு மட்டும் நேரடி விலையில தர்றேன்" என்று தெருமுனையில் வழிமறிக்கிறவர் அநேகமாக நெசவாளர் இல்லை, புரோக்கர். வாங்கத்தான் வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸோ, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையமோ நல்லது. ஒட்டியிருக்கிற விலைதான் விலை. சில்க் மார்க் முத்திரை, இழை சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. கைத்தறியா, விசைத்தறியா என்று அது சொல்லாது; ஜரிகையைப் பற்றியும் சொல்லாது. ஆகவே கைத்தறி என்பதையும் ஜரிகையின் வகையையும் பில்லில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

ராத்திரி வேனை எங்கே நிறுத்தினாலும் சாவியை டிரைவரிடமிருந்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கே படுத்திருக்கிறார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் நிறுத்துவதைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், படுக்கப் போகும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "காலைல இங்க பாவு போடுவீங்களா?"