மலைமிதிவண்டிக்கு ஒரு கார்பன் ஃபோர்க்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

காசுக்கேற்ற பணியாரம் என்பது நம்மவர் வழக்கு. பணியாரம் சிறுத்துப் போனால் வயிறு சற்று வாடும், அவ்வளவே. ஆனால் மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மட்டமானதாக அமைந்துவிட்டால் ஓட்டுபவனின் முகமல்லவா தரையில் மோதும்! குறைந்த பணத்தில் கார்பன் ஃபோர்க் வாங்கப் புறப்பட்டு, ஏமாறும் தறுவாயில் தப்பி, பின் ஒருவாறு தேறிய என் அனுபவம் சக மாணவர்க்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

என் ஊர் மலையடிவாரத்தில் உள்ளது. பேருந்து நிற்கும் சாலைக்கு வர ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. அதற்காகவே பழைய மலைமிதிவண்டி ஒன்றை வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக், முன்புறம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். இரண்டு மழைக்காலம் சேற்றில் ஓடியதில் அந்த ஸ்பிரிங் இறுகி அசையாமல் நின்றுவிட்டது. கழற்றித் தராசில் வைத்தேன், இரண்டரைக் கிலோ! வேலை செய்யாத ஸ்பிரிங்கை நாள்தோறும் மேட்டில் சுமந்து ஏறுவானேன்? ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். விடுமுறையில் டியூஷன் எடுத்துச் சேர்த்த ஏழாயிரம் ரூபாய் கையில் இருந்தது.

சற்று வரலாறு

“ஸ்பிரிங் இல்லாமல் மலைப்பாதையில் ஓட்டுவதா?” என்று நண்பர்கள் நகைத்தனர். உண்மையில் மலைமிதிவண்டி பிறந்ததே ஸ்பிரிங் இல்லாமல்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலையை அடுத்த மாரின் கவுண்டியில், சில இளைஞர்கள் கனத்த பழைய மிதிவண்டிகளில் மண்சரிவுகளில் இறங்கி விளையாடினர். 1976-இல் அங்கே ‘ரீபேக்’ என்னும் பந்தயம் தொடங்கியது. ஒருமுறை இறங்கினால் பின் ஹப்பிலுள்ள பிரேக் சூடேறி கிரீஸ் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்திற்கெனவே புதிய ஃபிரேம் செய்தார். ராக் ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்.எஸ்.1 என்னும் அதிர்வு தாங்கும் ஃபோர்க் விற்பனைக்கு வந்தது 1989-இல்தான். அதுவரை ஓட்டியவர்கள் தடித்த டயரையும் தம் முழங்கைகளையுமே நம்பினர். உயரத்திலிருந்து குதிப்பவர்க்கும், கல் நிறைந்த சரிவில் வேகமாக இறங்குபவர்க்கும் ஸ்பிரிங் தேவையே. என் போல் மண்பாதையில் போய் வருபவனுக்கு அகன்ற டயரும் அளவான காற்றும் போதும்.

கார்பனின் குணம்

ஒரு கன செ.மீ. இரும்பு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியம் 2.7, கார்பன் இழையை எபாக்சிப் பசையில் தோய்த்து இறுக்கிய பொருள் 1.6 கிராம். ஆகவே இரும்பு ஃபோர்க் ஒரு கிலோவைத் தாண்டும் இடத்தில் கார்பன் ஃபோர்க் அரைக் கிலோ முதல் முக்கால் கிலோவில் அடங்கிவிடுகிறது.

ஆனால் இழையின் வலிமை அதன் நீளவாட்டில் மட்டுமே; குறுக்கே மிகக் குறைவு. எனவே செய்பவர்கள் இழைத் தாள்களைப் பல கோணங்களில் அடுக்குகிறார்கள். ஃபோர்க்கின் தரம் அந்த அடுக்கில் இருக்கிறது. மேலே பளபளக்கும் பாய்ப்பின்னல் பெரும்பாலும் அழகுக்குப் போட்ட ஓர் அடுக்கே. அதைக் கண்டு மயங்குதல், அட்டையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

நான் தப்பிய விதம்

பழைய சாமான் விற்கும் ஒருவர் கார்பன் ஃபோர்க் ஒன்றை மூவாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். கண்ணாடிபோல் மின்னியது. பணத்தை எண்ணும் நிலைக்கு வந்துவிட்டேன். உடன் வந்த மெக்கானிக் அண்ணன் அதை வாங்கி, ஃபோர்க்கின் தோள்பட்டையில் செருகியிருந்த பேரிங் வளையத்தைத் தட்டிக் கழற்றினார். வளையம் மறைத்திருந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கோடு! ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். கால்களில் ‘டிக், டிக்’ என்று கணீரெனக் கேட்ட ஓசை, கோட்டின் அருகே மந்தமாகிவிட்டது.

“தம்பி, இரும்பு வளைஞ்சு காட்டிக் கொடுக்கும். இது சொல்லாமக் கொள்ளாமப் போயிடும்” என்றார்.

அவர் சொன்னது முழுதும் இயற்பியலே. ஃபோர்க் என்பது ஒரு முனையில் பிடிக்கப்பட்ட நெம்புகோல். சக்கரம் கல்லில் மோதும்போது வளைக்கும் திருப்புத்திறன் தோள்பட்டையில்தான் உச்சம் அடைகிறது. கோடு விழுந்திருந்ததும் அங்கேதான். இரும்பு உடையுமுன் பெரும்பாலும் வளையும். கார்பன் வளைந்து எச்சரிப்பதில்லை. நாணய ஓசை ஐயத்தை எழுப்பப் போதும். ஐயத்தைத் தீர்க்கப் போதாது. ஆகவே வரலாறு தெரியாத பழைய கார்பன் ஃபோர்க்கை என்ன விலைக்கும் வாங்கலாகாது என்பதே நான் கற்ற முதற்பாடம்.

அளந்து வாங்குக

விலையைக் கேட்குமுன் ஐந்து செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நீளம். அச்சின் நடுவிலிருந்து தோள்பட்டையில் பேரிங் வளையம் அமரும் இடம் வரை அளக்க வேண்டும். என் ஸ்பிரிங் ஃபோர்க் 505 மி.மீ. நல்ல நிலையில் இருந்தபோது நான் ஏறி அமர்ந்தால் அதன் 100 மி.மீ. ஓட்டத்தில் கால் பங்கு அமிழும். ஆகவே எனக்கு வேண்டியது 480 மி.மீ. அளவிலான ஃபோர்க். என் வண்டியில் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1,100 மி.மீ. முன்புறம் 20 மி.மீ. மாறினால், 20-ஐ 1,100-ஆல் வகுக்க, ஏறத்தாழ ஒரு பாகை. 26 அங்குலச் சக்கரத்துக்குரிய 425 மி.மீ. ஃபோர்க்கைப் போட்டால் கிட்டத்தட்ட மூன்று பாகை நிமிர்ந்து, ஹேண்டில் துடுக்காகத் திரும்பும். பெடலும் தாழ்ந்து கல்லில் இடிக்கும். டயருக்கே இடம் போதாது என்பது வேறு.

இரண்டாவது, மேலேறும் குழாய். நேர்குழாய் 28.6 மி.மீ. விட்டம் உடையது. கீழே ஒன்றரை அங்குலமாக அகலும் குழாயும் உண்டு. அகலும் குழாயுள்ள ஃபிரேமில் தக்க வளையத்தின் துணையால் நேர்குழாயைப் பொருத்தலாம். நேர்குழாய்க்கென அமைந்த குறுகிய ஃபிரேமில் அகன்றதை நுழைக்க இயலாது.

மூன்றாவது, அச்சு. 9 மி.மீ. திறப்பில் 100 மி.மீ. அகலம், 15-க்கு 100, 15-க்கு 110 என வகைகள் பல. கையிலுள்ள ஹப்புக்கு ஒத்ததையே வாங்க வேண்டும். இல்லையேல் புதுச் சக்கரச் செலவு தலையில் விழும்.

நான்காவது, பிரேக். டிஸ்க் பிடிக்கும் காது இருக்கிறதா, எந்த அளவு வரை பெரிய டிஸ்க்கை அனுமதித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அளவை மீறினால் காலின் அடியில் சுமை கூடும்.

ஐந்தாவது, செய்தவர் யார் என்பது. பெயர், வரிசை எண், ஓட்டுபவரின் எடை வரம்பு, திருகு முறுக்கு அளவு, ஐ.எஸ்.ஓ. 4210 சோதனைக் குறிப்பு ஆகியவற்றைத் தாளில் தராத ஃபோர்க்கை விட்டுவிட வேண்டும்.

பொருத்துதல்

கார்பன் குழாயில் சாதாரண நட்சத்திர நட்டை அடித்து இறக்கலாகாது, உட்சுவர் கிழியும். விரிந்து பிடிக்கும் அடைப்பானே ஏற்றது. ஹேண்டில் பிடியின் திருகுகளைக் கைப்பலத்தில் முறுக்காமல், டார்க் ரென்ச் கொண்டு தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே நிறுத்த வேண்டும்; பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவே இருக்கும். குழாயை அறுக்கும்போது முகமூடி அணிக. அத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு.

இத்தனையும் கூட்டிப் பார்த்தபோது முழுக் கார்பன் ஃபோர்க்கும், அடைப்பானும், கூலியும் என் ஏழாயிரத்தைத் தாண்டின. மூன்று மாதம் பொறுத்து, கால்கள் கார்பனாகவும் மேற்குழாய் அலுமினியமாகவும் உள்ள புதிய ஃபோர்க் ஒன்றை வாங்கினேன். எடை 950 கிராம். முழுக் கார்பனைவிடச் சற்று அதிகம். ஆனால் அலுமினியக் குழாயில் நட்சத்திர நட்டே போதும். அடைப்பான் செலவு மிச்சம். வண்டி ஒன்றரைக் கிலோ இளைத்தது. அதுவும் கைக்கு எட்டாதவர் நல்ல இரும்பு ஃபோர்க் வாங்கட்டும். அரைக் கிலோ கூடுவதில் இழுக்கு ஏதுமில்லை.

அந்த விரிசல் ஃபோர்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். “பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது, பாதி விலை கொடு” என்று முதலில் சொன்னவர், “நாளைக்கு ஒரு சின்னப் பையன் வாங்கிட்டுப் போனா?” என்று அண்ணன் கேட்டதும் தலைகுனிந்தார். அங்கேயே அது இரண்டாக அறுபட்டது. அதன் தோள்பட்டைத் துண்டு இன்றும் அண்ணன் கடைச் சுவரில் தொங்குகிறது. கார்பன் ஃபோர்க் வாங்க விரும்பும் நண்பர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.