சிங்காநல்லூர்க் கொட்டகையில் ஒரு புல்லட்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்து, மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தங்காத ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ஏறி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன் மேல் தீராத மோகம் கொண்டு, கோவைக்கு வந்து ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து அதையே விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டி, அதன் வழியே யந்திர வித்தையின் அரிச்சுவடியைக் கற்றார் என்பது கொங்கு நாட்டில் பலரும் அறிந்த சரித்திரம். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய முதல் பஸ்ஸும், 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் செய்து காட்டிய மின்சார மோட்டாரும் அந்த ரட்ஜ் வண்டியிலிருந்து புறப்பட்டவை என்று சொன்னால் அது மிகையாகாது.

அவருடைய வாழ்வில் மற்றொரு சம்பவம் உண்டு; அது முன்னதைப்போல் அத்தனை பேசப்படுவதில்லை. 1945-இல் கோவையில் அப்போதைய சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றியபோது, யந்திரங்களைத் தாராளமாக வழங்கியதோடு முதல்வர் பொறுப்பையும் ஏற்ற நாயுடு, நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை விரயம் செய்வது, இரண்டு ஆண்டுகளே தாராளம் என்று வாதாடினார். அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அந்தக் கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நடைபெறுகிறது, படிப்பும் நான்கு ஆண்டுகளாகவே இருக்கிறது. அன்று அவர் எழுப்பிய வழக்கில் அவர் பக்கம் எவ்வளவு நியாயம், எதிர்ப்பக்கம் எவ்வளவு நியாயம் என்பது என் மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்த கேள்வி. சிங்காநல்லூரில் தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகைக்குள், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஓர் இளைஞனோடு சில மாலைப் பொழுதுகளைக் கழித்தபோது அதற்கு ஒருவாறு விடை கிடைத்தது.

இளைஞன் என் நண்பரின் மகன். பையனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்படி நண்பர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். கணிதப் பாடம் ஒன்றில் அரியர். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்தின் விளிம்பில் நின்று ஊசலாடுகிறது. மாலையில் பம்ப்செட் பட்டறை ஒன்றுக்குக் கணினியில் வரைபடம் வரைந்து சம்பாதிக்கும் சொற்பத் தொகையும் பழைய புல்லட் ஒன்றின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. "பரீட்சைக்குப் படிக்கிற நேரத்துல இந்த இரும்போட உனக்கு என்ன கண்ணு பேச்சு?" என்று கேட்ட தாயாரிடம், "இதுவும் படிப்புத்தானுங்கம்மா" என்று அவன் சொன்ன பதிலை வீட்டில் எவரும் ஏற்கவில்லை. நானும் முதலில் அதை இளமைக்குரிய சாதுரியமான மறுமொழி என்றுதான் எண்ணினேன்.

வண்டி சூலூர்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கிடங்கில், உமி மூட்டைகளுக்குப் பின்னால் பல்லாண்டுகள் கிடந்தது. உரிமையாளர் குடும்பத்தார் அதைக் காயலான் கடைக்கு அனுப்பவிருந்த சமயத்தில் இவன் போய்ச் சேர்ந்தான். வண்டியைவிட அரிய பொருளாக ஆர்.சி. புத்தகமும் கிடைத்தது, அது இல்லாமற்போனால் எத்தனை அழகாகச் செப்பனிட்ட வாகனமும் சாலைக்கு வர இயலாத காட்சிப் பொருள்தான். 1973-ஆம் ஆண்டுப் பதிவு, திருவொற்றியூரில் உருவான 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தோற்றுவித்ததும், முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த அத்தொழிற்சாலை சில ஆண்டுகளுக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யலாயிற்று என்பதும், தாய்த் தொழிற்சாலை இங்கிலாந்தில் மூடப்பட்டு மறைந்தபின் குழந்தை மட்டும் சென்னைக் கடற்கரையோரம் உயிரோடிருந்து வளர்ந்ததும் தொழில் வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சிகள். அந்த வம்சத்து வண்டியின் தொட்டியில் தூரிகையால் கையாலேயே இழுத்த பொன்வரிகள், துருவுக்கும் தூசிக்கும் நடுவில் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

இப்படிப்பட்ட காரியத்திற்குக் கோவையைப்போல் வாய்த்த ஊர் வேறொன்று இருப்பது அரிது. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்தபின், ஆலைகளும் அவற்றைச் சார்ந்து வார்ப்படச் சாலைகளும் பம்ப்செட் பட்டறைகளும் பெருகிய இந்நகரில், பீளமேட்டிலோ கணபதியிலோ எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு லேத்தின் முனகல் காதில் விழும். உடைந்த துண்டைக் காட்டினால் அளவெடுத்துக் கடைந்து கொடுக்கும் கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட கைகளுக்கு உரியவர் இவனுடைய குரு. தொழிலில் உள்ளவர்கள் எல்லோருக்கும் அவர் "அண்ணன்"; ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்; அறுபது வயதைத் தாண்டியவர். எஞ்சினைப் பிரித்த நாளில், டைமிங் பக்கத்து மூடியைக் கழற்றி, எண்ணெய்ப் பம்பை ஓட்டும் திருகுப்பல் கொண்ட நட்டை அவிழ்ப்பதற்காக இவன் நீளமான ஸ்பானரைப் போட்டு முழு பலத்தையும் பிரயோகித்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அவர் எழுந்து வந்து, "தம்பி, அது லெஃப்ட் திரெட்டு. நீ கழட்டறதா நெனச்சு இறுக்கிக்கிட்டிருக்கறே" என்றாராம். கிராங்க் சுழலும் திசைக்கு எதிராக மரை வெட்டியிருந்தால், ஓட்டத்தின் வேகமே அந்த நட்டை இறுக்கி வைக்கும், தளர விடாது என்பது அப்புறம் அவன் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது விளங்கியது. அந்தப் பக்கத்தை அவன் முன்பே படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தான்.

வண்டியின் எஞ்சினைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனென்றால் மாணவனுக்கு அமைந்த மகோபாத்தியாயர் அதுதான். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதால், அது வேகமாகச் சுழலப் பிரியப்படாத, ஆனால் குறைந்த சுழற்சியிலேயே பாரத்தை இழுக்கும் ஆற்றலுள்ள யந்திரம். புல்லட்டின் பிரசித்தமான நிதானமான துடிப்புக்கு அடிப்படைக் காரணங்களுள் இது ஒன்று. விட்டத்தையும் ஓட்டத்தையும் சூத்திரத்தில் இட்டுப் பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வருகிறது. இவன் வெர்னியர் வைத்து அளந்தபோது சிலிண்டரின் சுவர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது கண்டு, போர் போட்டு நாற்பது சைஸ் பிஸ்டன் ஏற்றுவதென்று அண்ணன் தீர்மானித்தார். நாற்பது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு; ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரால் 346 என்பது 356 ஆயிற்று என்று அவன் கணக்கிட்டுச் சொன்னபோது, "அட, பத்து சி.சி. இலவசமா வந்துருச்சா!" என்று அண்ணன் வியந்தார். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ சிலிண்டர்களுக்குப் போர் போடச் செய்தவர் அவர். கொள்ளளவு எவ்வளவு கூடுகிறது என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை.

கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைத் தாங்கி இல்லாமல், தானே மிதந்து சுழலும் ஒரு வளையம் இருப்பது இவ்வண்டியின் விசேஷம். எண்ணெய் தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரையில் அது நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் குறைந்தாலோ அழுக்கேறினாலோ அதிக நேரம் பிழைக்காது. அரிசி ஆலை வண்டியில் அது பாழாகியிருந்தது. அதைச் சரிசெய்து கிராங்க்கை நேராக்கிப் பூட்டிய வாரத்தில்தான் வகுப்பில் யந்திரங்களின் இயக்கவியல் பாடம், முன்னும் பின்னும் அசையும் எடையைச் சமன்செய்யும் அத்தியாயத்துக்கு வந்தது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் அந்த எடையை முழுவதும் சமன் செய்ய முயன்றால், மேலும் கீழுமாக இருந்த அதிர்வு பக்கவாட்டுக்குப் போகுமேயன்றி ஒழியாது, ஆகவே ஒரு பங்கை மாத்திரம் சமன்செய்து மீதியைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, மற்ற மாணவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டார்கள்; இவன் மட்டும் முந்தின இரவு தன் கைகளில் ஏந்திய இரும்பின் கனத்தை நினைத்துக்கொண்டிருந்தான். ஏட்டுக் கல்விக்கும் கைக் கல்விக்கும் இடையில் உள்ள உறவை இதைவிடப் பிரத்தியட்சமாக நான் கண்டதில்லை.

கால அட்டவணை கடுமையானது. வகுப்பு முடிந்து வரைபட வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குமேல் கொட்டகைக்கு வந்தால் பத்து மணிவரையில்தான் விளக்கெரிய அண்ணன் சம்மதிப்பார். செமஸ்டர் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் கொட்டகைப் பக்கம் தலை காட்டவே கூடாது என்பதும் அவர் விதித்த நிபந்தனை. "நாம்பதான் படிக்கல. நீ படிச்சுட்டு வந்து ஸ்பானர் புடி" என்பார். கைவேலைக்காரர்கள் படிப்பை அவமதிக்கிறார்கள் என்று எண்ணுவோர் அவரோடு கால் மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும்.

பையனுடைய முதல் உத்தேசம் வேறாயிருந்தது. வண்டிச் சட்டகத்தின் பின்பாகத்தை அறுத்துக் குட்டையாக்கி, ஒற்றை ஆசனம் அமைத்து, புகைக்குழாயை உயரத் தூக்கி, பந்தய வண்டிபோல் வார்க்க எண்ணினான். இன்றைய இளைஞர்களுக்கு இதில் உள்ள மோகம் நமக்குத் தெரியாததல்ல. தன் கற்பனைக்கு உருவம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எந்த யுகத்திலும் இளமையின் உரிமைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக வலியுறுத்திற்று. அன்றியும், 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, சட்டகத்திலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்யாமல் பூர்வ உருவத்திலேயே காக்கப்பட்ட வாகனத்துக்குப் புராதன வாகனம் என்ற தனி அந்தஸ்து உண்டு. இவனுடைய வண்டி ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு முறை ரம்பம் ஓடினால் அந்த அந்தஸ்துக்குரிய தகுதி நிரந்தரமாகக் கைநழுவிப் போகும்.

சட்டம் சொன்னதைக் காட்டிலும் அண்ணன் சொன்னதுதான் அவன் மனத்தில் தைத்தது. "அறுத்தா ஒட்டிக்கலாம் தம்பி. ஆனா அன்னைக்கு ஒட்டினவன் கை இதுல இருக்காது." அதன் பிறகு அவன் தனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டான்: புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆகவே ஒடுக்கமான தோலாசனம் பழைய துளைகளிலேயே பொருந்துகிறது. தாழ்ந்த கைப்பிடியும் அலுமினிய மட்கார்டும் லேத்தில் கடைந்த தாங்கிகளின்மேல் அமர்கின்றன. கழற்றியெடுத்த மூலப்பொருள்கள் யாவும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரண்மேல் இருக்கின்றன. தொட்டியின் பொன்வரிகளை அவன் தொடவில்லை. மனம்போன போக்கில் அறுத்து வளைத்த வண்டிகளைவிட இந்த அடக்கம் மிகுந்த வண்டியில் கற்பனைக்கு அதிக வேலை இருந்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கடைசியாக நான் போயிருந்த மாலையில் எஞ்சின் உயிர் பெற்றிருந்தது. சாவியைத் திருகி, கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும் கணத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது தள்ளி, விட்டுவிட்டு ஒரே உதை. முரட்டு பலம் தேவையில்லை. பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்ற ஞானமே போதும். அந்த முள் ஏன் அப்படித் திரும்புகிறது, கான்டாக்ட் பாயின்ட் விலகும்போது மின்னோட்டம் எவ்வாறு அறுபடுகிறது, விலகும் இடைவெளி ஏன் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவன் எனக்கு விளக்கிய தெளிவைக் கேட்டபோது, புத்தி சொல்ல வந்த நான் மாணவனாக நின்றேன்.

நாயுடுவின் வழக்குக்கு வருகிறேன். கழற்றிப் பார்க்காதவனுக்கு நான்கு ஆண்டுகளும் விரயமே என்ற அளவில் அவர் சொன்னது முற்றிலும் மெய். ஆனால் கல்லூரி இந்தப் பையனுக்குக் கொடுத்த ஒன்றை அண்ணனின் பட்டறை கொடுத்திருக்க முடியாது. கடையில் கிடைக்காத பாகம் ஒவ்வொன்றையும் அவன் அளந்து, மூன்று கோணங்களில் வரைபடம் எழுதி, எவ்வளவு கூடலாம் எவ்வளவு குறையலாம் என்ற வரம்பும் குறித்து வைத்திருக்கிறான். அண்ணன் விரல் நுனியிலும் காதிலும் வைத்திருந்த அளவுகள், அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல, கல்லூரி ரெக்கார்டு நோட்டு ஒன்றில் தமிழிலேயே ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒரு மனிதரோடு மறைந்துபோகக்கூடிய வித்தை இப்போது பிறர் படிக்கும்படி ஆகிவிட்டது. கணபதியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பழைய புல்லட் வைத்திருக்கும் பையன்கள் அந்த நோட்டைப் பார்க்க வந்து போகிறார்கள். அதன் பிரதியொன்றை அரசினர் பாலிடெக்னிக் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். கியர் பெட்டிப் பகுதி இன்னும் எழுதவில்லை என்றும், கணித அரியரை ஏப்ரலில் எழுதி முடித்துவிட்டு அதில் கைவைக்கப் போவதாகவும் அவன் சொன்னான்.