மேப்பில் வீடு தேடலாம்... குண்டூசியை நம்பலாமா?

இன்டர்நெட்டில் வீடு தேடுவது முன்பெல்லாம் பேப்பரில் வரி விளம்பரம் படிப்பது போலத்தான் இருந்தது. ஏரியா பெயர், எத்தனை பெட்ரூம், வாடகை எவ்வளவு, அவ்வளவுதான். எந்தத் தெரு என்று தெரிய வேண்டுமானால் புரோக்கருக்குப் போன் போட வேண்டும். இன்று மேப்பைத் திறந்தால் காலியாக உள்ள வீடுகள் குண்டூசி குத்தியதுபோல வரிசையாகத் தெரிகின்றன. இது எப்படி வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

ஆரம்பம்

கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பால் ராடமேக்கர் என்ற புரோகிராமர், கிரெய்க்ஸ்லிஸ்ட் வெப்சைட்டின் வீட்டு விளம்பரங்களை அந்த மேப்பின் மேல் பொருத்தி 'ஹவுசிங்மேப்ஸ்' என்ற சைட்டை உருவாக்கினார். மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான ஏ.பி.ஐ.யைக் கூகுள் வெளியிட்டது அதற்குப் பிறகு, ஜூனில்தான்! நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2012-ல் தொடங்கிய ஹவுசிங் டாட் காம், மேப் வழித் தேடலைப் பிரபலமாக்கியது.

உள்ளே நடப்பது என்ன?

நீங்கள் மவுஸால் மேப்பை நகர்த்தியதும், திரையில் தெரியும் பகுதியின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லைகளைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்புகிறது. அந்த எல்லைக்குள் அடங்கும் வீடுகளை மட்டும் சர்வர் திருப்பி அனுப்புகிறது. பக்கம் முழுவதும் மறுபடி லோடு ஆவதில்லை.

குண்டூசியின் இடத்தை முடிவு செய்வது இரண்டில் ஒன்று. விளம்பரம் கொடுப்பவர் கையால் வைக்கலாம். அல்லது முகவரியைக் கொடுத்தால் சாஃப்ட்வேரே அட்சரேகை, தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும். இதற்கு ஜியோகோடிங் என்று பெயர். முகவரி அரைகுறையாக இருந்தால் அது பெரும்பாலும் ஏரியாவின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடும். சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. தங்கசாலைத் தெரு என்றாலும் மின்ட் ஸ்ட்ரீட் என்றாலும் ஒரே தெருதான் என்று நமக்குத் தெரியும். சாஃப்ட்வேருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்!

யானைக்கவுனி கணக்கு

நான் குடியிருக்கும் யானைக்கவுனியையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா குடும்பத்துக்கு வாடகை வீடு தேடியபோது, ஒரு சைட்டில் பல வீடுகளின் குண்டூசிகள் ஒரே புள்ளியில் குவிந்து நின்றன. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வீடே இல்லை.

தூரக் கணக்கும் இப்படித்தான். வால்டாக்ஸ் ரோட்டுக்கும் வேப்பேரிக்கும் நடுவே சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில் பாதைகள் ஓடுகின்றன. மேப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் கடக்கப் பாலம் வேண்டும். யானைக்கவுனிப் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை பல ஆண்டுகள் இழுத்தபோது, எதிரே தெரிகிற இடத்துக்கே சுற்றிப் போனோம். வேப்பேரிப் பக்கம் உள்ள பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு அந்தச் சுற்று தினசரிச் செலவு. வீட்டு விளம்பரத்தில் அது வராது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காதீர்கள். 'டைரக்‌ஷன்ஸ்' கொடுத்து, காலை 9 மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்.

2. சேட்டிலைட் படத்துக்கு மாற்றி, குண்டூசியின் கீழே கட்டடம் இருக்கிறதா என்று பாருங்கள். 2022-ல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னைக்கும் வந்துவிட்டதால் தெருவையும் ஒரு நோட்டம் விடலாம். படம் எடுத்த தேதியைக் கவனியுங்கள்.

3. மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைத் தெருமுனை டீக்கடையில் கேளுங்கள்.

4. வாங்குவதாக இருந்தால் குண்டூசி போதாது. சர்வே எண் வேண்டும். பதிவுத்துறையின் டி.என்.ரெஜினெட் சைட்டில் வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பார்க்கலாம். தமிழக அரசின் இ-சர்வீசஸ் சைட்டில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்கலாம். புது அடுக்குமாடி என்றால் ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். பிறகு பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள்.

மேப் நமக்கு மிச்சப்படுத்துவது அலைச்சலை. பார்க்க வேண்டிய இருபது வீடுகளை அது நான்காகக் குறைத்துக் கொடுக்கும். அந்த நான்கையும் நேரில் போய்ப் பார்த்த பிறகே பணத்தை வெளியே எடுங்கள்.