பிரிந்த பிறகும் ஒரே பாஸ்புக்கா?

கணவன், மனைவி இருவர் பெயரிலும் வங்கியில் கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் விவசாயக் குடும்பங்கள் பல. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம், பி.எம். கிசான் தவணை, பால் பணம், பயிர்க் காப்பீட்டு இழப்பீடு எல்லாம் அதில்தான் வந்து சேரும். குடும்பம் ஒன்றாக இருக்கும்வரை இது வசதி. இருவரும் பிரிந்துவிட்டால் அந்தக் கணக்கே ஆபத்தாகிவிடும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கினாலும், நீதிமன்றத்தில் விவாகரத்தே கிடைத்தாலும், வங்கிக் கணக்கு தானாகப் பிரிவதில்லை.

முழுப் பணமும் போகலாம்

‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில்தான் பல கூட்டுக் கணக்குகள் தொடங்கப்படுகின்றன. இதில் ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போட்டு முழுப் பணத்தையும் எடுக்கலாம். நெல் யாருடையது, பாடுபட்டது யார் என்று வங்கி கேட்காது.

ஒரு பெண்ணின் வயலில் விளைந்த நெல்லுக்கு 80,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பஸ் பிடித்து வங்கிக்குப் போவதற்குள், பிரிந்துபோன கணவர் அதைத் தன் கணக்குக்கு மாற்றிவிட முடியும். வங்கி மீது குற்றம் சொல்ல இயலாது. சிவில் வழக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டும். அடுத்த போக உழவுக்கும் விதைக்கும் அந்தப் பணம் உதவாது.

கடன் இருவர் தலையிலும்

இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடனை யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுமையாக வசூலிக்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆவது பிரிவு. “டிராக்டர் கடனை அவரே கட்டுவார்” என்று இருவரும் எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் பொறுப்பாளிதான். ஒருவர் கெடு தவறினால் மற்றவரின் சிபில் மதிப்பெண்ணும் குறையும். புதிய பயிர்க்கடன் கிடைப்பதும் சிரமமாகும்.

காசோலையில் மட்டும் நிலைமை வேறு. கூட்டுக் கணக்குக் காசோலை பணமின்றித் திரும்பினால், கையெழுத்திட்டவர் மீதுதான் குற்ற வழக்கு வரும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நகைக்கடனில் கூடுதல் கவனம் தேவை. சிட்டா கணவர் பெயரில் இருப்பதால், மனைவியின் நகையைக் கணவர் பெயரில் அடகு வைப்பது வழக்கம். கடன் தீர்ந்ததும் வங்கி அவரிடமே நகையைக் கொடுக்கும். நகை வாங்கிய ரசீது, திருமணப் புகைப்படம் ஆகியவற்றை மனைவி பத்திரப்படுத்த வேண்டும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. முதலில் தன் பெயரில் மட்டும் தனிக் கணக்கு தொடங்க வேண்டும்.

2. ஆதார் எண்ணைப் புதிய கணக்கோடு இணைக்கக் கோரி வங்கியில் படிவம் கொடுக்க வேண்டும். ஆதார் வழியாக வரும் பி.எம். கிசான் பணம், கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். கொள்முதல் நிலையம், பால் சங்கம் ஆகியவற்றில் புதிய கணக்கு எண்ணைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

3. அதன்பின், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே பணம் தர வேண்டும் என்று கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை பெற வேண்டும். கணக்கு நிறுத்தப்பட்டால் கடிதம் கொடுத்தவரும் தனியாக எடுக்க முடியாது. அதனால்தான் தனிக் கணக்கு முதலில் வேண்டும்.

4. மீதியைப் பிரித்துக்கொண்டு, இருவரும் கையெழுத்திட்டுக் கணக்கை முடித்துவிடுவது நல்லது.

5. மற்ற சேமிப்புகளில் நியமனதாரர் பெயரையும் பார்க்க வேண்டும். விவாகரத்தானாலும் பழைய பெயர் தானாக நீங்காது.

சுமுகமாக முடியாவிட்டால்

பணத்தைப் பறித்து வைத்துக்கொள்வதும் குடும்ப வன்முறைதான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, கூட்டுக் கணக்கையோ லாக்கரையோ கணவர் கையாளக் கூடாது என்று நடுவர் உத்தரவிடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முத்திரையிட்ட கடிதத்துக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். போகும்போது பாஸ்புக், கடன் பத்திர நகல், அடகு ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்.